அசையாத வீடு

திரையில் ஊர் முழுக்க ஒரே சிவப்பு. சந்தை, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி என்று எல்லாமே ஒரு சாண் மேலே எழும்பிவிட்டதாக ரேடார் படம் காட்டியது. ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. ஊர் என்ன பலூனா, உப்புவதற்கு?

செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்து, நிலம் எங்கே சரிகிறது, எங்கே தாழ்கிறது என்று எச்சரிப்பதுதான் அவர் வேலை. தன்னைத் தவிர மற்றவர்களெல்லாம் மடையர்கள் என்பது அவர் எண்ணம். உதவியாளன், அந்த அரைவேக்காடு, எதையோ சொதப்பியிருப்பான் என்று வைதபடி கணக்கை மறுபடி ஓட்டினார். ஏசி முனகியது, கணினியிலிருந்து சூடான தூசி வாடை கிளம்பி மூக்கில் ஏறியது, ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் கோணலாக நீண்டு அவர் விரல்வரை வந்திருந்தது. மறுபடியும் அதே சிவப்பு.

இந்தக் கணக்குக்கு அசையாத புள்ளி ஒன்று வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்துத்தான் மற்ற இடங்கள் ஏறினவா, இறங்கினவா என்று பார்ப்பார்கள். மலைப் பாறையில் வைக்கலாம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னபோது, ஏறுவதற்கு உங்களுக்கு மூச்சிருக்கிறதா என்று நக்கலடித்தவர் இவர். ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும் உலோகத் தகட்டைத் தன் வீட்டு மொட்டை மாடியிலேயே பொருத்தினார். கூடவே நின்று கட்டிய வீடு, அசையுமா என்ன!

திரையில் தன் வீட்டைத் தேடினார். ஊர் ஏறவில்லையென்றால்?

ஊர் அங்கேயேதான் இருக்கிறது. பூஜ்யம்தான் இறங்குகிறது. அதுவும் இது போன வாரத்துப் படம்.

காலையில் வாசற்கதவு பிடிக்கிறது என்று மனைவி சொன்னாள். கதவு சாத்தக்கூடத் தெரியாதா என்று எரிந்து விழுந்துவிட்டுத்தான் கிளம்பினார். வீட்டுக்குப் போன் போட்டார்.

பாப்பா தூங்குகிறாள் என்று கிசுகிசுத்தாள். கதவு இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறதாம்.

“என்னங்க, மழை வருதா? ஜன்னலெல்லாம் இருட்டிடுச்சு.”

வெளியே பார்த்தார். பட்டப்பகல். சுள்ளென்ற வெயில்.

போனில் காலடிச் சத்தம். திரைச்சீலை இழுபடும் ஓசை.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மண்ணு தெரியுதுங்க.”

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடு என்று கத்தினார்.

“மாடியிலதாங்க நிக்கிறேன்.”

கண்ணாடி நெரிந்தது. பாப்பா விழித்துக்கொண்டு, லைட்டைப் போடச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.