நிழலில் நிற்கும் வண்டிகள்

அந்தக் கடையின் பக்கவாட்டு மரத்தடியில் அத்தனை வண்டிகள் நின்றும் ஒரு ஹாரன் சத்தமோ, கதவு சாத்தும் சத்தமோ கேட்கவில்லை என்பது இறங்கும்போதே அவனுக்கு உறுத்தியது. ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து இருக்கையில் மனைவி காலையிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. உறுத்தலை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்துக் கம்பெனி விற்பனையாளனாக ஊர் ஊராகச் சுற்றியே பாதி ஆயுளைக் கழித்தவன். தெரியாத ஊரில் எங்கே சாப்பிடுவது என்பதற்கு அவனிடம் ஒரே சட்டம்தான்: போர்டைப் பார்க்காதே, வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார். வண்டி நிறைய நின்றால் உள்ளே கைப்பக்குவம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சட்டம் அவனை ஒருநாளும் கைவிட்டதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு 'மோப்பம்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் கோடைப் பயணமே அந்த மோப்பத்தை நம்பித்தான். மகன் போனதிலிருந்து அவள் நாக்கில் எதுவும் ருசிக்கவில்லை. நாக்கில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். உப்பைத் தனியாக வாயில் போட்டாலும் மண் மாதிரி இருக்கிறது என்பாள். அதைக்கூடப் புகாராகச் சொல்ல மாட்டாள், கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வதுபோலச் சொல்வாள். எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கடையில், ஒரே ஒரு வாய் பிடித்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வாள் என்று அவன் நம்பினான். தனக்கு என்ன பிடிக்கும் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. அழுகையும் வருவதில்லை. வண்டி ஓட்டினான், அவ்வளவுதான்.

வாசலில் தோளில் துண்டோடு நின்றவர் ஓர் அலுமினியப் பேசினை நீட்டினார்.

"சாவியை இதுல போட்டுட்டுப் போங்க சார். வண்டியை நிழல்ல விட்டுடுறோம்."

பேசின் நிறைய சாவிகள் கிடந்தன. அவன் சாவி அவற்றின்மேல் விழுந்தது. நல்ல கூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பெரிய கூடம், சன்னல்களில் பச்சைத் திரை, திரைக்குள் வடிகட்டி வந்த மங்கிய வெளிச்சம், மேலே அசையாத மின்விசிறி, மேசை மேசையாகக் குனிந்த தலைகள். யாரும் பேசவில்லை. மெல்லும் சத்தம் மட்டும், மாட்டுத் தொழுவத்தில் இரவு முழுக்கக் கேட்பதுபோல, கூடம் முழுக்க நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். தாளித்த வாசனை இல்லை, எண்ணெய் வாசனை இல்லை, புகை இல்லை. மோப்பமும் செத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான். அதற்காக வருத்தமும் வரவில்லை.

மூடிய தட்டுகளைப் பரிமாறுபவர் கொண்டுவந்து வைத்தார். "அம்மா ஆரம்பிக்கட்டும். நீங்க கை கழுவிட்டு வாங்க சார்."

கை கழுவும் இடம் கூடத்துக்குப் பின்னால் இருந்தது. குழாயைத் திருகினான். காற்று மட்டும் வந்தது.

அப்போதுதான் அவள் குரல் கேட்டது.

"ஏங்க, உப்பு சரியா இருக்குங்க!"

அவன் தொட்டியைப் பிடித்துக்கொண்டான். ஓராண்டுக்குப் பின் அவள் குரலில் உயிர் இருந்தது. ஏங்க, ஏங்க என்று அவள் இன்னும் என்னவோ சொல்லிச் சிரிப்பதுகூடக் கேட்டது. சந்தோஷம் இப்படித்தான் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தியவன், சன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

மரத்தடியில் அதே வண்டிகள். பக்கத்தில், தெளிவாக.

கண்ணாடிகளில் கனத்த புழுதி. காற்றில்லாத டயர்கள், மண்ணில் பாதி இறங்கியவை. ஒரு வண்டியின் முகப்பு வழியே செடி முளைத்திருந்தது. இன்னொன்றின் பின்னிருக்கையில் குழந்தைகளுக்கான இருக்கை, அதில் பறவைக் கூடு. வரிசையின் கடைசியில் அவன் வண்டி. இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். அதன்மேலும் புழுதி.

திரும்பினான். சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பு இருந்தது. அடுப்பின் வாயில் சிலந்தி வலை.

கூடத்துக்கு ஓடினான்.

அவள் தட்டு திறந்திருந்தது. வெறும் தட்டு. கழுவி வைத்ததுபோல் காய்ந்த தட்டு. அவள் அதிலிருந்து எடுத்தாள். பிசைந்தாள். வாயில் வைத்தாள். மென்றாள். தொண்டை ஏறி இறங்கியது.

அடுத்த மேசைக்காரரைப் பார்த்தான். அவர் கைக்கடிகாரம் முழங்கை வரை சரிந்திருந்தது. அந்தக் கையும் வெறும் தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது.

"எழுந்திரும்மா. போலாம்."

"சும்மா இருங்க. எத்தனை நாள் கழிச்சு சாப்பிடுறேன்."

அவள் முகம் மகன் இருந்தபோது இருந்த முகம். பயத்தில் அவள் தோளைப் பற்றினான். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம், அவளிடம் கனமே இல்லை. ஆனால் எங்கே? சாத்தியே கிடக்கும் மகனின் அறைக்கு. மண்ணாக ருசிக்கும் சாப்பாட்டுக்கு.

"உங்களுக்கும் பசிக்கும்ல? ஒரு வாய் வாங்கிக்கோங்க."

வெறும் விரல்கள் அவன் உதட்டுக்கு வந்தன. மறுத்தால் அந்த முகம் அணைந்துவிடும்.

வாயைத் திறந்தான்.

உப்பு சரியாக இருந்தது.

எப்போது உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. வெளியே சரளைக்கல்லில் டயர் நெரிந்தது. கதவு திறந்தது. யாரோ ஒருவன் உற்சாகமாகச் சொன்னான். "பாரு, எவ்ளோ வண்டி நிக்குது. நல்ல கடையாத்தான் இருக்கும்."

பேசினில் ஒரு சாவி விழுந்தது.

வராதே என்று கத்த நினைத்தான். வாய் நிறைய இருந்தது. மென்றான்.