மூன்றாவது மிதியில் நின்ற கார்

காலை ஆறரை மணி. ஷெட்டிலிருந்து கார் சரிவில் மெதுவாக இறங்கியது. ஓட்டிய பெண் பிரேக்கை மிதித்தாள். பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் தரை வரை போனது. மறுபடி மிதித்தாள். அதே கதை. மூன்றாவது மிதியில்தான் பிடித்தது. அதற்குள் கார் டயர்களை அடுக்கிய சுவரில் மூக்கை நுழைத்திருந்தது.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் இன்னும் சற்று நேரத்தில் ரேஸ் டிராக்கின் முதல் வளைவில், முழு வேகத்தில் வந்து, இதே பெடலைத்தான் மிதித்திருப்பாள்.

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நேற்று மாலை அவர் மாட்டிய புது பிரேக் பேடுகளைக் காணோம். தேய்ந்தவை என்று கழற்றிப் போட்ட பழைய பேடுகள் சமர்த்தாகத் தங்கள் இடத்தில் இருந்தன.

டிராக்கின் பெண் பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும். ஷெட் கதவைச் சாத்தச் சொன்னார். எதிரே காரை ஓட்டிய பல் டாக்டர், அவள் கணவர், அவள் தம்பி, மெக்கானிக். ஷெட் சாவி இரவு முழுக்க அவர்கள் தங்கிய அறையில் ஆணியில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

டாக்டர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்று ஒரே மேஜையில் சாப்பிட்ட முகங்கள்.

பேடுகளை மாற்றுவதா வேண்டாமா என்று நேற்று பெரிய வாக்குவாதமே நடந்திருந்தது. பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது, டிராக்கில் ஏறும் சூட்டைத் தாங்காது என்றார் மெக்கானிக். ஒரு நாள் ஓட்டலாம் என்றான் தம்பி. கணவருக்கோ வேறு பயம்: பழகாத புது பேட் முதல் சுற்றுகளில் வழுக்கும் என்று கேன்டீனில் யாரோ சொல்லியிருந்தார்கள். மாற்றிவிடலாம் என்று முடிவு சொன்னவள் டாக்டர்தான்.

"அண்ணே, மாட்டினேன்னு நீங்க சொல்றீங்க. மாட்டவே இல்லைன்னா?" என்றான் தம்பி.

அதிகாரி பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவின் கீழே, ஆயில் பட்டு அரித்ததுபோல், பெயின்ட் புதிதாகக் கொப்பளித்திருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். போன வாரம் ஆயிலைக் கழுத்து வரை ஊற்றியிருந்தாராம். நேற்று புது பேடுக்கு இடம் செய்யப் பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வழிந்திருக்கும், கவனிக்கவில்லை என்றார்.

"அப்போ கூட யார் இருந்தா?"

"இவங்க வீட்டு சார்தான் டார்ச் பிடிச்சாரு. போல்ட் எல்லாம் முறுக்கினதும் டீ வாங்கப் போயிட்டாரு. இவங்க தம்பி அந்தப் பக்கமே வரல."

"அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

"சக்கரத்தை மாட்டிட்டு, உள்ள உக்காந்து பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதிச்சேன். அது எப்பவும் செய்யறதுதான், மேடம்."

அதிகாரி பானெட்டை மூடினார். ஆயில் வழிந்திருந்தால் புது பேடுகளை மாட்டியது உண்மை. பழையதையே வைக்க யாரும் பிஸ்டனைத் தள்ளமாட்டார்கள். பிறகு யாரோ அவற்றை எடுத்துவிட்டு மெல்லிய பழையவற்றைப் போட்டதில் உள்ளே இடைவெளி விழுந்துவிட்டது. பிஸ்டன் நகர்ந்து அதை அடைக்கவே முதல் இரண்டு மிதிகளும் வீணாயின.

"கொல்ல நினைச்சவங்க மூணாவது மிதியில தானா சரியாகிற கோளாறை வைக்க மாட்டாங்க," என்றார். "வேலை தெரிஞ்சவங்களும் பெடலை மிதிக்க மறக்க மாட்டாங்க. மத்த எல்லாத்தையும் பாத்துட்டு, அதை மட்டும் பாக்காதவர் செஞ்ச வேலை இது. டீ வாங்கப் போனவர்."

கணவர் தன் பையிலிருந்து துணியில் சுற்றிய புது பேடுகளை எடுத்து பெஞ்சில் வைத்தார். விடியற்காலையில், எல்லோரும் எழுவதற்கு முன் செய்திருக்கிறார்.

"புதுசு வழுக்கி உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்..."

"பயமா இருந்தா என்னை எழுப்பியிருக்கணும்," என்றாள் அவள். "சண்டை போட்டிருக்கணும். நான் தூங்கும்போது என் பிரேக்கைத் தொட்டிருக்கக் கூடாது."

அவர் பேடுகளை மெக்கானிக் பக்கம் நகர்த்தி வைத்தார்.

புகார் எழுதட்டுமா என்று அதிகாரி கேட்டதற்கு வேண்டாம் என்றாள். புது பேடுகளை மாட்டி, வெளிச் சாலையில் நிதானமாக ஓட்டிப் பழக்கிய பிறகே டிராக்குக்குள் விடுவேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். மெக்கானிக் மாட்டினார். டாக்டர் தானே உட்கார்ந்து பெடல் கல்லாகும் வரை மிதித்தாள்.

கணவர் மறுபக்கக் கதவில் கை வைத்தார்.

"நானும் வரட்டுமா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. பெடலை இன்னொரு முறை மிதித்துப் பார்த்தாள்.