கடகடத்த ஸ்பேஸ் பார்

"ஐயோ... மாமா...!"

அலறல் சோதனை அறையிலிருந்து வந்தது.

அப்போதுதான் வேலைக்கு வந்து சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காத நொட்டையார், பெருமூச்சு விட்டார். மச்சான் அலறுவது புதிதல்ல. கரப்பான் பூச்சிக்கு அலறுவான். ஸ்க்ரூ கைநழுவினால் அலறுவான். மனைவியின் தம்பி என்பதால் எல்லா அலறலுக்கும் இவர்தான் போய் நிற்க வேண்டும்.

போனார்.

இந்தத் தடவை நியாயமான அலறல்!

முதலாளி குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. பக்கத்தில் மச்சான்... கையில் ஒரு கீபோர்டு!

"அதை ஏன்டா தூக்கினே?"

"தரையில கெடந்துச்சு மாமா! கால் தடுக்கிடுச்சு... எடுத்துப் பார்த்தா மூலையில ரத்தம்..."

"கீழ போடு!"

"போட்டா உடைஞ்சிடாது?"

"அது உடையாது. நாமதான் உடையப்போறோம்."

இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் ஒரு கொட்டாவி. பிறகுதான் பிணம். ரேகை எடுப்பவர் வேலையை முடித்து, கீபோர்டை பாலிதீன் பையில் போட்டு நீட்ட, வாங்கிய இன்ஸ்பெக்டரின் கை தாழ்ந்தது.

"அம்மாடி... கீபோர்டா, செங்கல்லா?"

"மூணு கிலோ சார்" என்றார் நொட்டையார். "அலுமினிய உடம்பு, அடியில பித்தளைக் கட்டி. ஆர்டர் குடுத்தவங்களுக்கு மட்டும் கையால கோத்துக் குடுக்கிறோம். கிட்டுன்னு சொல்லுவோம்."

"கம்ப்யூட்டரோட சும்மா ஒண்ணு வருதே, அது ஆகாதா?"

"அதுல டைப் மட்டும்தான் சார் அடிக்கலாம். இதைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்குற ஆளுங்க இருக்காங்க."

"சரி, உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"குறை சொல்றது."

உண்மைதான். கிட்டைக் கோத்துக் கொடுப்பது மச்சான் வேலை. கோத்ததை உருட்டி, தடவி, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்து நொட்டை சொல்வது இவர் வேலை. குறையிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். இல்லாவிட்டால் பச்சை. பச்சைச் சுருளின் மேலுறையை அவர் இன்றுவரை பிரித்ததில்லை. ஆபீசே சேர்ந்து நொட்டையார் என்று பெயர் வைத்ததில் என்ன தப்பு?

"ரேகை உங்க மச்சானுது மட்டும்தான். நேத்து முதலாளியோட சண்டை வேற போட்டிருக்கான்."

"லீவு கேட்டான் சார். தினம் கேப்பான்."

"எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

நொட்டையாரின் போன் அலறியது. மனைவி!

"என் தம்பி இல்லாம வீட்டுப் படி ஏறிடாதீங்க!"

"பிடிச்சிருக்கிறது போலீஸ்டி, நானா?"

"வேலைக்குச் சேத்து விட்டது யாரு? நான் வைக்கிற காப்பியில குறை, கட்டுற புடவையில குறை... போலீஸ் சொல்றதுல ஒரு குறை கண்டுபிடிக்க முடியாதா உங்களுக்கு?"

போன் செத்தது.

அந்த நேரம் பார்த்து டிசைனர் வந்தார். கசங்காத சட்டை. தூக்கமில்லாத கண்கள். கிட்டின் ஒவ்வொரு வளைவும் அவர் வரைந்தது. மேசையில் கோணலாகக் கிடந்த இன்ஸ்பெக்டரின் தொப்பியை நேராக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"நேத்து மத்தியானமே தலைவலின்னு கிளம்பிட்டேன் சார். அப்புறம் இந்தப் பக்கமே வரல."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். மச்சானின் தோளில் கான்ஸ்டபிளின் கை விழுந்தது.

"மாமா...!"

"சார்... ஒரு நிமிஷம். கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்தக் கீபோர்டை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கவா? பைக்கு மேலயே."

"கொலை பண்ணதுக்குமா டெஸ்ட்டு?"

"கை பழகிடுச்சு சார்."

கொலைக் கீபோர்டை எடுத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரோடு பக்கத்து அறைக்குப் போனார். ஸ்பேஸ் பாரை அமுக்கினார்.

தொப்.

மறுபடி.

தொப்.

நொட்டையாரின் அலுத்துப்போன கண்கள் முதல் முறையாக அகலத் திறந்தன!

"சார்... நேத்து சாயங்காலம் கடைசியா டெஸ்ட் பண்ணது இதைத்தான். ஸ்பேஸ் பாருக்கு அடியில ஒரு கம்பி இருக்கும். அது ஆடி கடகடன்னு சத்தம். சிவப்பு ஒட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இப்போ சத்தமே இல்ல. நான் போனப்புறம் யாரோ கம்பிக்கு கிரீஸ் தடவியிருக்காங்க."

"உங்க மச்சானா இருக்கலாமே?"

"அவன் நாலு ஸ்க்ரூ போடச் சொன்னா மூணு போட்டுட்டு டீ குடிக்கப் போற ஆளு சார்! ஒரு சின்ன உதவி பண்ணுங்க..."

இன்ஸ்பெக்டர் காதைக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். நொட்டையார் கையில் பாலிதீன் பை. உள்ளே சிவப்பு ஸ்டிக்கரோடு கீபோர்டு. டிசைனரின் மூக்குக்கு நேராக மேசையில் வைத்து, ஸ்பேஸ் பாரை அமுக்கினார்.

கடகட.

டிசைனரின் புருவம் துடித்தது.

"கேட்டீங்களா சார்? ஒரு உசிரையே வாங்கிடுச்சு, இன்னும் ஆடுது பாருங்க."

கடகட. கடகட.

"அண்ணே... போதும்ணே."

"என்ன டிசைனோ, என்ன கம்பியோ! அடியில பேரை வேற பொறிச்சுக்கிட்டு..."

கடகட. கடகட. கடகட.

"ஆட முடியாதுண்ணே! நான்தான் ரெண்டு பக்கமும் கிரீஸ் வச்சேனே...!"

நொட்டையார் அமுக்குவதை நிறுத்தினார்.

"எப்போ வச்சீங்க?" இன்ஸ்பெக்டரின் கொட்டாவி பாதியில் நின்றது. "மத்தியானமே கிளம்பிட்டீங்களே?"

டிசைனர் பையைப் பார்த்தார். நொட்டையாரைப் பார்த்தார்.

"இது... வேறயா?"

"வேறதான் தம்பி. நீ சரி பண்ணது பக்கத்து ரூம்ல இருக்கு. இது கடகடக்குற இன்னொண்ணு. நான் பார்த்த எல்லா கிட்லயும்தான் சிவப்பு இருக்கே."

டிசைனர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பயம் இல்லை... வெறும் களைப்பு.

"ராத்திரி திரும்பி வந்தப்போ சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தேன் சார். குறையை சரி பண்ணிட்டு அனுப்பலாம்னு முதலாளிகிட்ட கெஞ்சினேன். 'அப்படியே அனுப்பு, எவன் காதுல விழப்போகுது'ன்னார். அடியில என் பேர் இருக்கு சார்! அந்தக் கீபோர்டு கையில இருந்துச்சு, ஒரே அடி..."

"அடிச்சுட்டு ஓட வேண்டியதுதானே?"

"ரேகையைத் தொடச்சேன். துணி ஸ்பேஸ் பார்ல பட்டுது... கடகடன்னுச்சு. ஆள் செத்துக் கெடக்கார். எனக்கு அந்தச் சத்தம்தான் சார் தாங்கல!"

கான்ஸ்டபிளின் கை மச்சானின் தோளிலிருந்து டிசைனரின் தோளுக்கு மாறியது.

மச்சான் கண்கலங்கினான். "மாமா... என் நேர்மையை நம்பினீங்களே!"

"உன் சோம்பேறித்தனத்தை நம்பினேன்டா. அது என்னைக்கும் ஏமாத்தினதில்ல. உங்கக்காவுக்கு போனைப் போடு."

பக்கத்து அறையில் கொலைக் கீபோர்டை எடுக்கப் போன இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். பின்னாலேயே வந்த நொட்டையார், பச்சைச் சுருளின் மேலுறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கிழித்துப் பையின் மேல் ஒட்டினார்.

"யோவ்! கோர்ட்டுக்குப் போற ஆயுதம்யா அது!"

"தாராளமா போகட்டும் சார்... இனி எவனும் ஒரு குறை சொல்ல முடியாது!"