மூக்கில் ஒயர் தொங்கிய கார்

ஜனவரி 11, காலை 7.40. நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஆர்வோ கோர்ப்பியின் காரில் என்ஜின் இறுகி நின்றது. பின்னால் மரம் ஏற்றி வந்த லாரி மோதியது. போலீஸ் போனபோது ஆர்வோவுக்கு உயிரில்லை. காரின் பின்பாதி அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பாதியில் கீறல்கூட இல்லை. மூக்கில் ஆரஞ்சு ஒயர் ஒன்று, இரவுக் குளிரில் என்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டருக்காக வட மிச்சிகன் கார்களுக்கெல்லாம் தொங்குவதுபோலத் தொங்கியது.

அந்த மாடல் என்ஜின்களில் இரும்புத் துகள் கிடக்கிறது என்று கம்பெனி முந்தைய இலையுதிர் காலத்திலேயே கார்களைத் திரும்ப அழைத்திருந்தது. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். பேரிங்குகளையும் மாற்ற வேண்டும். ஆர்வோவின் கார் அக்டோபர் 9 அன்று டீலரிடம் போய் வந்தது. 'வேலை முடிந்தது' என்றது காகிதம். அதன் கீழே இன்னொரு வரி: 'பல வருடம் ஆயில் மாற்றாததால் என்ஜின் ஏற்கெனவே கெட்டுள்ளது. உரிமையாளரை எச்சரித்தோம்.'

சாவுக்குக் காரணம் செத்தவரே. வெள்ளிக்கிழமைக்குள் வழக்குக் கோப்பை மூடச் சொல்லிவிட்டார் ஷெரிஃப். ஆனால் துப்பறிவாளர் ஐலி மாக்கிக்குக் காகிதம் இவ்வளவு சுத்தமாக இருந்தால் சந்தேகம் வரும்.

பிப்ரவரி 20, காலை 9.30. ஆர்வோவின் மனைவி லெம்பி காபியை ஊற்றினாள், கண்ணைத் துடைக்கவில்லை.

"அவரேதான் ஆயில் மாத்துவாரு. இன்னொருத்தன் கை காருல படக் கூடாது. மாத்திட்டேன் மாத்திட்டேன்னு என்கிட்ட புளுகியிருக்காரு. டீலர் எச்சரிச்சதையும் மறைச்சிருக்காரு. அதே காருலதானே என்னையும் ஏத்திக்கிட்டுச் சுத்தினாரு!"

"வாசல் கம்பத்துல ஒயர் இருக்கே, ஹீட்டருக்கா?"

"ஆமா. ஆயில் தொட்டிக்கு அடியில அவரே ஒட்டினாரு, நாலு வருஷம் முன்னாடி. சிவப்புப் பசை, ஒரு வாரம் கைய விட்டுப் போகல. அதுக்கப்புறம் அந்த ஹீட்டரை மாத்தவே இல்ல." லெம்பி காபிக் குடுவையை நங்கென்று வைத்தாள். "பனியில உறைஞ்ச மண்ணு இளகினதும் மே மாசம் புதைக்கிறாங்களாம். நான் போகப் போறதில்ல."

காலை 11.15. டீலரின் பட்டறை. மேலாளர் ட்ரென்ட் கருகிப்போன தொட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"கோர்ப்பி கார்ல கழட்டினது, ஆபீசர். உள்ள பாருங்க, தார் மாதிரி. இது ஆயில் மாத்தின வண்டியா?"

ஐலி அதன் அடிப்பக்கத்தைத் தடவினாள். வழவழவென்றிருந்தது.

"நீங்க எந்த ஊரு?"

"அரிசோனா, பாலைவன ஊரு. இங்க வந்து ஒரு வருஷம் ஆச்சு. நல்லவேளை, வீட்டு கராஜ் எப்பவும் கதகதன்னு இருக்கும்."

காகிதத்தில் மெக்கானிக் வெய்னின் பணி எண் இருந்தது. உள்ளூர்க்காரனான வெய்ன் தலையைச் சொறிந்தான். "ஞாபகமே இல்லம்மா. அந்த மாசம் நாப்பது வண்டி வந்துச்சு. என் நம்பர் இங்க எல்லாருக்கும் தெரியும்."

"உன் வண்டி எங்க நிக்குது?"

"வெளியிலதான். பாருங்க, ஹீட்டர் ஒயரைச் செருகித்தான் வச்சிருக்கேன்."

மதியம் 2.00. போலீஸ் வண்டிக் கொட்டகையில் ஆர்வோவின் காரை உயர்த்தச் சொல்லி, ஐலி அடியில் போய் நின்றாள். டார்ச்சை மேலே அடித்தாள்.

மாலை 4.10. பட்டறைக்குத் திரும்பிய ஐலி ட்ரென்ட்டையும் வெய்னையும் ஒன்றாக உட்காரவைத்தாள்.

"ஆர்வோ ஹீட்டரைத் தொட்டியோட அடியில ஒட்டியிருந்தாரு. ஒட்டினா பிய்ச்சுத்தான் எடுக்கணும், தழும்பு விழும். நீங்க காட்டின தொட்டியில தழும்பே இல்ல. அது வேற யாரோ வண்டியோடது. ஆர்வோ தொட்டி இன்னும் கார்லயே இருக்கு, ஹீட்டரோட. அந்தக் காரை யாரும் தூக்கிப் பாக்கவே இல்ல."

"இவன் நம்பர்தானே இருக்கு!" என்று வெய்னைக் காட்டினார் ட்ரென்ட்.

"இவன் தினம் காலையில ஒயரைப் பிடுங்கிட்டு வண்டி எடுக்கிறவன். பொய்த் தொட்டி தேடினா முதல்ல அடியில ஹீட்டர் தழும்பு இருக்கான்னுதான் பாத்திருப்பான். கதகதன்னு கராஜ்ல நிறுத்தி, ஹீட்டரே தேவைப்படாம, அடியில பாக்கத் தோணாத ஆள் இங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, ட்ரென்ட்."

வெய்ன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அடப்பாவி! என் நம்பரையா போட்ட?"

ட்ரென்ட் மேசைமேலிருந்த தொட்டியை ஓரமாகத் தள்ளினார். "ஆறு மணி நேர வேலைக்கு கம்பெனி ரெண்டு மணி நேரக் கூலிதான் குடுக்குது. எவனும் தொட மாட்டேங்கிறான். நாப்பது வண்டியை நான் என்ன பண்றது? வேலை முடிஞ்சதுன்னு எழுதிட்டேன். அந்தாளு செத்த பிறகுதான் எச்சரிக்கை வரியைச் சேர்த்தேன்."

சொல்லும்போது அவர் குரலில் வெட்கம்கூட இல்லை. ஐலிக்கு அவரை அறையத் தோன்றியது. விலங்கைத்தான் எடுத்தாள்.

மாலை 6.00. லெம்பியிடம் ஐலி ஒரு புகைப்படத்தைக் கொடுத்தாள். ஹீட்டரைச் சுற்றிச் சிவப்புப் பசை. அதில் ஒரு கட்டைவிரல் பதிவு. தொட்டியிலிருந்து வடித்த ஆயிலில் இரும்புத் துகள் மின்னியது. தார் துளியும் இல்லை; ஆர்வோ ஆயிலை மாற்றித்தான் வந்திருந்தார்.

"அந்த ஹீட்டரை எனக்குத் தருவீங்களா?"

"வழக்கு முடியணும், லெம்பி. ரெண்டு மூணு வருஷம் ஆகலாம்."

லெம்பி அந்த விரல் பதிவின்மேல் தன் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை.

மே 14, காலை 11.00. மண் இளகியிருந்தது. ஜாமீனில் வந்த ட்ரென்ட் வேறொரு ஊர் டீலரிடம் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. மற்ற முப்பத்தொன்பது கார்களில் பதினேழை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. சவப்பெட்டி குழிக்குள் இறங்கும்போது லெம்பி குனிந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னாள்.

"மாத்திட்டேன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பல. எவனோ எழுதினதை நம்பினேன்."