இன்னும் கொஞ்சம் அங்கால

முடிவு தெரிந்த ஒரு படத்தை மறுபடியும் உட்கார்ந்து பார்க்கும் பலவீனத்தை முற்றாக வென்ற முதல் மனிதன், பேசாலையில், ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தான் என்பதில் நிறோஜனுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அந்த மனிதன் தானே என்பதைத் தன்னடக்கம் காரணமாக அவன் மறைத்ததும் இல்லை. கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே இதைப்பற்றி பேஸ்புக்கில் நீண்ட கட்டுரை எழுதியிருந்தான். குரங்கு நிமிர்ந்து நடந்தது ஒரு கட்டமாம், நெருப்பைக் கண்டது இன்னொரு கட்டமாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீவியில் பழைய படம் ஓடும்போது எழும்பிப்போகக் கற்றுக்கொள்வதுதான் மனித குலத்தின் கடைசிக் கட்டமாம். அந்தக் கட்டத்துக்கு வந்துசேராத உயிரினத்துக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர் அவனுடைய அப்பா சந்தியோகு. நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். அப்பாவிடம் பேஸ்புக் இருக்கவில்லை.

இப்போது அப்பாவும் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோயிலால் திரும்பி வந்து படலையைத் திறந்தபோதுதான் நிறோஜன் கூரையைப் பார்த்தான். டிஷ் நேராக நின்றது. கூரையிலிருந்து விழும்போது அப்பா அதைத்தான் எட்டிப் பிடித்திருந்தார். அன்றிலிருந்து ஓர் ஆணி கழன்று, முகம் குப்புற, கிணற்றைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. இன்றைக்கு அது தெருவில் உள்ள மற்ற டிஷ்களைப்போல ஒழுங்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆரம்மா டிஷ்ஷைத் திருப்பினது?"

"ஒருத்தரும் ஏறேல்லையே" என்றாள் அம்மா செலீனா. "ஏற ஏணி எங்க கிடக்கு?"

அது உண்மைதான். அடக்கம் முடிந்த அன்றைக்கே மாமா அந்த ஏணியைக் கொத்தி அடுப்புக்குள் வைத்துவிட்டார்.

"கச்சான் காத்துத் திருப்பியிருக்கும்" என்றாள் அன்ரோனெற் சின்னம்மா. அவள் அம்மாவின் தங்கை, செத்தவீட்டுக்கு வந்தவள் இன்னும் போகவில்லை. "அடிக்கிற காத்துக்கு நானே ரெண்டுதரம் திரும்பிட்டன்."

கச்சான் ஒரு மாதமாக ஒரே பக்கத்தால்தான் அடிக்கிறது என்று நிறோஜன் நினைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் போனபிறகு குசினி வாசலில் அம்மாவும் சின்னம்மாவும் பாத்திரம் கழுவினார்கள்.

"இனி ரீவி மூடின சீலையை எடுத்துப்போட்டு அதைப் போடலாமக்கா. முப்பத்தொண்டும் முடிஞ்சுதுதானே" என்றாள் சின்னம்மா. "இண்டைக்குக் கோச்சிப் படமாம். அத்தானுக்கெண்டே போடுறாங்கள் போல."

"அந்தப் படத்தின்ர கதையை எடுக்காத."

"சரி, எடுக்கேல்லை."

அம்மா சட்டியின் அடியைச் சுரண்டினாள். "நான்தானே அந்த மனுசனை ஏத்தினனான். காத்துக்க ஏறாதைங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சும்மா கத்தாமப் போய் டிஷ்ஷைத் திருப்புங்கோவன் எண்டு சொன்ன வாய் இது."

"ஒவ்வொரு நாளும் இதையே சொல்லுங்கோ. காத்தை நீங்களே ஊதிவிட்டனீங்கள்?" சின்னம்மா நிறோஜன் பக்கம் திரும்பினாள். "எங்கட கம்பஸ்காரர் சொல்லட்டும். டேய், நீதானே உள்ள நிண்டனீ. சொல்லன் கொம்மாவுக்கு, காத்துத்தானே?"

"ஓம்" என்றான் நிறோஜன். "காத்துத்தான்."

காத்து இல்லை.

கோச்சிப் படம் என்பது வீட்டில் வைத்த பெயர். கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகும் மனைவியை மறிக்க ஒருவன் சைக்கிளில் ஸ்ரேசனுக்கு ஓடுகிறான். வழியில் ஒரு கிழவனின் வண்டில் சேற்றில் புதைந்து கிடக்கிறது. இறங்கித் தள்ளிக்கொடுக்கிறான். அந்த நேரத்துக்குள் றெயில் கடவை சாத்தப்படுகிறது, மனைவி ஏறிய கோச்சி அவன் கண்முன்னால் போகிறது. படம் அவ்வளவுதான். அது எப்போது ரீவியில் வந்தாலும் அப்பா வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து தன் கதிரையில் இருந்துவிடுவார். வண்டில் தெரிந்ததும் முன்னுக்குச் சரிந்து, "நில்லாதயடா, விட்டுட்டுப் போடா" என்று கெஞ்சுவார்.

"போனமுறையும் நிண்டவன் அப்பா. இந்தமுறையும் நிப்பான்."

"பொறுத்துப் பாரன்" என்பார் அப்பா, முழு நம்பிக்கையோடு.

அன்றைக்கு, சைக்கிள் றோட்டில் ஏறிய நேரம், போனுக்குச் சார்ஜ் போடுகிறவன்போல ரீவிக்குப் பின்னால் குனிந்து, டிஷ் வயரைப் பூட்டியிருந்த திருகை நிறோஜன் இரண்டு விரலால் கழற்றிவிட்டான். பகிடிக்குத்தான். மனித குலத்தின் நன்மைக்காக. அப்பா ஒருக்கா ஏறி இறங்கட்டும், பிறகு பூட்டிவிடலாம், அடுத்த கட்டுரைக்கும் உதவும் என்று நினைத்தான்.

"வருதோடா?" என்று கூரையில் இருந்து கேட்டது.

"இல்லையப்பா."

"இப்ப?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் அங்கால."

சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க முழங்கையைக் கடித்துக்கொண்டு நின்றான். "இன்னும் கொஞ்சம் அங்கால" என்று மறுபடி சொன்னபோது அவனுக்குப் பதில் வரவில்லை. கிணற்றடியில், கூடை நிறைய மீனைச் சீமெந்தில் போட்டதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அழுகையும் ஓட்டமுமாக இருந்த அந்தப் பின்னேரமே யாரோ ரீவியை வெள்ளைச் சீலையால் மூடினார்கள், செத்தவீட்டில் மூடுகிறதுபோல. அதற்கு முன்னால் அப்பாவின் போட்டோவைச் சாய்த்து மெழுகுதிரி ஏற்றினார்கள். ஒரு மாதமாக அந்த இடத்தில் இருந்துதான் பெண்கள் செபமாலை சொன்னார்கள், அந்த இடத்தில்தான் பாய் விரித்துப் படுத்தார்கள். சீலைக்குப் பின்னால் வயர் கழன்றபடி தொங்கியது. அதைப் பூட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டு தரமும் போட்டோ அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோயிற் கிடாரங்களைக் குடுத்துப்போட்டு அப்பிடியே சவக்காலைக்கும் போட்டு வாறம்" என்றாள் அம்மா, சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி. "வந்து அந்தச் சீலையைக் கழட்டுறன். படம் வேண்டாம், செய்தியெண்டாலும் போகட்டும். வீடு ஊமையாக் கிடக்கு."

அவள் கழற்றுவாள். ரீவியைப் போடுவாள். சிக்னல் இல்லை என்று காட்டும். பின்னால் எட்டிப் பார்ப்பாள். எந்தக் காத்தும் திருகைக் கழற்றாது என்பது அவளுக்குத் தெரியும்.

படலை சாத்தும் சத்தம் கேட்டதும் நிறோஜன் முன்கதவைப் பூட்டினான். வீட்டுக்குள் மெழுகின் வாசமும் வாடிய பூவின் வாசமும் மத்தியானக் கறியின் புளிப்பும் கலந்து அசையாமல் நின்றன. வெளியே கச்சான் மண்ணை அள்ளி அள்ளித் தகர வேலியில் எறிய, யாரோ காயப்போட்ட கருவாட்டின் மணம் யன்னல் இடுக்கால் வந்து வந்து போக, அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் கோச்சிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பாட்டு, ஒரே அழுகை, ஒரு வீட்டில் கொஞ்சம் முந்தியும் இன்னொரு வீட்டில் கொஞ்சம் பிந்தியும், ஊரே ஒரு பெரிய தொண்டையாக அதைச் சொல்லிக்கொண்டிருப்பதுபோலக் கேட்டது.

மெழுகுதிரியை அணைத்தான். போட்டோவை எடுத்து, வைக்க வேறு இடம் தெரியாமல், பின்னால் கிடந்த அப்பாவின் கதிரையில் நிமிர்த்தி வைத்தான். சீலையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டான். தூசி. சிலந்தி வலை. வயரின் நுனி விரலில் குளிர்ந்தது.

கூரை டக் என்றது.

வெயிலுக்குக் கூரைச் சீற் வெடிக்கிறது வழக்கம். அவன் திருகின் வாயைத் தடவித் தேடினான். மறுபடி டக் என்றது, முதல் சத்தத்துக்குச் சற்றுத் தள்ளி. பிறகு அதற்கும் சற்றுத் தள்ளி. காகம் என்று முடிவெடுத்தான். காகத்துக்கு இவ்வளவு பாரம் இருக்காது என்பது கொஞ்சம் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது. சத்தம் ஆணி வரிசையில் போனது. சீற்றில் நடக்கிறவன் ஆணி அடித்த வரிசையில்தான் மிதிக்க வேண்டும், அதற்குக் கீழேதான் மரம் இருக்கிறது. காகங்கள் அதைப் பார்ப்பதில்லை.

"வருதோடா?"

காற்றுக்கு மேலால் கத்துகிற ஒரு மனிதனின் சாதாரணக் குரல். கோபம் இல்லை.

நிறோஜன் மூச்சு விடவில்லை. சீலைக்குள் இருந்த கையையும் எடுக்கவில்லை. பக்கத்து வீடுகளில் பாட்டு முடிந்து சைக்கிள் மணி அடித்தது.

"இப்ப?"

பதில் வராவிட்டால் இல்லை என்றுதான் அர்த்தம். கூரையில் நிற்கிறவருக்கு வேறு அர்த்தம் தெரியாது. ஓர் அடி எடுத்து வைத்தார். இந்த அடி ஆணி வரிசையில் விழவில்லை. சீற் முனகியது, முகட்டில் இருந்து தூசி நேர்கோடாக இறங்கி வெள்ளைச் சீலையில் விழுந்தது. அடுத்த அடி. தூசிக் கோடு நகர்ந்தது. அது கிணற்றுப் பக்கமாக நகர்ந்தது.

திருக வேண்டும். விரல் வியர்த்து வழுக்கியது. திருகின் புரி பிடிக்கவில்லை. கழற்றும்போது இரண்டு விரல் போதுமாயிருந்தது.

"இப்ப வருதோ?"

இன்னோர் அடி.

புரி பிடித்தது. திருகினான். சீலையை இழுத்து எறிந்தான். சுவிச்சைப் போட்டான். சிவப்பு வெளிச்சம். கறுப்பு. கறுப்பு. பிறகு, பழைய ரீவியின் பெருத்த கண்ணாடிக்குள்ளே, மெல்ல, ஒரு றோட்டும் ஒரு சைக்கிளும்.

"வந்திட்டுது அப்பா" என்றான். கச்சானுக்கு மேலால் அது கேட்டிருக்காது. மறுபடி சொன்னான். "நல்லா வந்திட்டுது. போதும். இறங்குங்கோ."

கூரை அமைதியானது. காற்று மட்டும். பிறகு அடிகள் திரும்பின, ஆணி வரிசையிலேயே, அவசரம் இல்லாமல். குசினிப் பக்கச் சுவரில் ஏணிப் படி ஒன்று கிறீச்சிட்டது. அடுத்த படி. அடுத்தது. எரிந்து சாம்பலான ஏணியின் படிகள், ஒவ்வொன்றாக.

அவன் பூட்டியது முன்கதவை மட்டும்.

குசினி வாசலில் கிடந்த சாக்கில் யாரோ காலைத் தேய்த்தார்கள். ஒரு கால். மற்றக் கால். பீடியும் டீசலும் கடற்பாசியும் கலந்த வாசம் மெழுகின் வாசத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. நிறோஜன் நிலத்தில் இருந்தான். ரீவியையே பார்த்தான். பின்னால் கதிரை முனகியது. இருக்கிறவரின் பாரத்தில் போட்டோவின் கண்ணாடி நொறுங்குவது தெளிவாகக் கேட்டது.

திரும்பவில்லை. படத்தைப் பார்த்தான். பின்னாலும் படம்தான் பார்க்கப்பட்டது.

விளம்பரம் வந்தது.

"ஏன்டா இவ்வளவு நேரமும் வரேல்லை?"

காதுக்குப் பக்கத்தில் இல்லை. கதிரையில் இருந்துதான். ஆனால் குரல் நேராக வரவில்லை, மடித்துவைத்த குழாயால் தண்ணீர் வருகிறதுபோலத் திணறி வந்தது.

"காத்தப்பா" என்றான் நிறோஜன்.

"காத்து எண்டா எனக்குத் தெரியாதோ?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. ஒரு கடற்தொழிலாளி காற்றைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் இருந்தது. உண்மையாகவே அறிய விரும்புகிறார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கின் அடியில் ஒரு மாதமாகக் கிடக்கிறது. வாயைத் திறந்தான். விளம்பரம் முடிந்தது. படம் தொடங்கியது. பின்னால் அமைதியானது.

அப்போதுதான் விளங்கியது. படம் ஓடும்வரை கேட்கமாட்டார். அப்பா படத்துக்கு நடுவில் கதைக்கிறவர் இல்லை, வண்டில் வந்தால் தவிர.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

சைக்கிள் வளைவில் திரும்பியது. சேறு தெரிந்தது. சேற்றில் வண்டில், வண்டிலுக்குப் பக்கத்தில் கிழவன். பின்னால் கதிரை முன்னுக்குச் சரிந்தது.

"நில்லாதயடா" என்றது அந்த மடிந்த குரல்.

நிறோஜனும் முன்னுக்குச் சரிந்திருந்தான். அவனுடைய கைகள் கூப்பியிருந்ததை அவனே காணவில்லை. "நில்லு" என்றான், ரீவியிடம், மெல்ல. "நிண்டு தள்ளு. மெல்லத் தள்ளு. போகாத." எத்தனை தரம் பார்த்தாலும் ஒரே நேரத்தில் முடிகிற படம் இந்த ஒருமுறை மட்டும் முடியாமல் இருக்கட்டும். வண்டில் அசையாமல் கிடக்கட்டும். அது அசையாது என்று, முழு நம்பிக்கையோடு, பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டில் அசைந்தது. சைக்கிள் ஓடியது. கடவைத் தடி விழுந்தது. கோச்சியின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்குச் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியானது, புள்ளியும் போனது.

ரீவிக் கண்ணாடி கறுப்பானது.

கறுப்புக்குள் அறை தெரிந்தது. நிலத்தில் இருக்கும் அவன். அவனுக்குப் பின்னால் கதிரையை விட்டு எழும்பிக் குனிந்திருக்கும் ஒருவர். கிணற்றடியில் கிடந்ததுபோலவே தலை இடது தோளுக்குக் கீழே தொங்கியது. அந்தத் தலையை ஒரு கையால் தாங்கித் தூக்கி, பொறுமையாக, காதை அவனுடைய வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அவர் காத்திருந்தார்.