மூன்று மணிச் சீட்டி

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு நாய் வளர்ப்பது சட்டை மாற்றுகிற மாதிரி. குட்டியாக இருக்கும்போது மடியில் வைத்துப் படம் எடுப்பான். அதற்குச் சொறி பிடித்தால், வயிறு கழிந்தால், எங்கள் வளைவில் வந்து கார் கதவைத் திறந்து இறக்கிவிட்டுப் போய்விடுவான். சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் ஸ்டோர் காவல். ஏலக்காய் உலர்த்துகிற பழைய கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். அதற்கு முன்னால் ரோடு வளைகிறது. வளைவுக்குக் கீழே ஏலச்செடி, அதற்கும் கீழே பள்ளம். சுற்றிப் பார்க்க வருகிறவன் காலிப் பாட்டிலையும், பிள்ளை பேண்ட துணியையும் அங்கேதான் எறிவான். எவனோ பையில் கட்டி எறிந்த ஊசல் சோற்றை ஒருமுறை வெறுங்காலால் மிதித்துவிட்டு, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வருடத்தில் அந்த வளைவில் ஏழு நாய்களைக் கண்டிருக்கிறேன்.

அதனால் எட்டாவது வந்தபோது நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அதன் கழுத்துத் தகட்டில் பத்து நம்பர் இருந்தது. அதை அமுக்கிக் கூப்பிட்டிருந்தால் அந்த ஜீவன் செத்திருக்காது என்று ஆனந்தி இன்றைக்கும் சொல்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆடி மாதம், புதன்கிழமை, மதியம். மழை விட்டுப் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. பட்டப்பகலில் ஸ்டோருக்குள் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டு. முதலில் வந்தது வாடை. எலி செத்திருக்கும் என்று மூட்டைகளைப் புரட்டினேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் நாய் நிற்கிறது.

செவலை நாய். முதுகெல்லாம் சேறு. காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கழுத்துப் பட்டைக்குக் கீழே ஒரு வெட்டுப் புண். உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி அதற்குள் புழு. பழைய சோறு வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. என் வேட்டி நுனியைக் கவ்விப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. ஓர் உதை விட்டேன். விடவில்லை. கயிறு போட்டு வாசல் தூணில் கட்டினேன்.

கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி ஆனந்தி, ரிசார்ட்டில் அறை துடைத்துவிட்டு அந்த வழியாக வந்தாள்.

“ஐயையோ, என்ன பெரியப்பா இது? யாரு நாயி?”

“எவனோ எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான்.”

“கழுத்துல பெல்ட்டு கெடக்கே. தகட்டுல நம்பரு வேற. எறக்கிவிடுறவன் நம்பரயுமா மாட்டிவிட்டுட்டுப் போவான்?”

“மறந்திருப்பான்.”

“எங்க ரிசார்ட்டுக்கு ஒண்ணு இப்படித்தான் வந்துச்சு. மேனேஜரு மொதல்ல நம்பரக் கூப்புட்டாரு. படம் எடுத்து குரூப்புல போட்டாரு. நேரா மிருகாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. நீங்களா எதயும் தடவிராதீங்க பெரியப்பா.”

“நாயிக்கு ஜாதகமும் பாக்கச் சொல்லு.”

“வெளாடாதீங்க. நம்பரச் சொல்லுங்க, நான் போடுறேன்.”

நான் சொல்லவில்லை. போன வருடம் இதே வளைவில் கிடந்த ஒரு போனை எடுத்து உடையவனிடம் கொடுத்தேன். கண்ணாடியை உடைத்தது நீதான் என்று என் சட்டையைப் பிடித்தான். இன்றைக்கு நாயைக் கொடுத்தால், புண்ணும் நீ போட்டதுதான் என்பான். அவள் போன பிறகு பெல்ட்டை அறுத்தெடுத்து, உள் அறையில் ஆணியில் மாட்டி, மேலே சாக்கைத் தொங்கவிட்டேன்.

மூன்று மணி இருக்கும். பள்ளத்திலிருந்து ஒரு சீட்டி கேட்டது.

இரண்டு இழுப்பு. முதலாவது நீளம், இரண்டாவது குட்டை.

நாய் எழுந்தது. அந்தப் புழுத்த கழுத்தைத் தூக்கி வாலை ஆட்டியது. கயிறு முறுக்கேறும்வரை இழுத்தது. புண்ணிலிருந்து புழு உதிர்ந்தது.

எங்கள் மலையில் மனிதன் மாதிரியே சீட்டியடிக்கிற குருவி உண்டு. சூளக்காக்கா என்பார்கள் மலையாளத்தார். அதுதான் என்று நினைத்தேன். அந்தக் குருவி விடியற்காலையில்தான் அடிக்கும், மதியத்தில் நான் கேட்டதில்லை. இருந்தாலும் குருவிக்குக் கடிகாரம் யார் கட்டிவிட்டது?

மறுநாள் வியாழன். மருந்தடிக்கிற சதீஷ் தோட்டத்திலிருந்து வந்தான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாய் மட்டும் அடங்காது.

“என்ன பெருசு, புதுசா சொந்தம் வந்திருக்குபோல? மூஞ்சி ஒன்னய மாதிரியே இருக்கு.”

“வாய மூடு. டிரம்முல மருந்து மிச்சம் கெடக்கா?”

“அடியில வண்டலாக் கெடக்கு. எதுக்கு?”

ஏலத்துக்கு அடிக்கிற மருந்தின் வண்டலைத் தண்ணீரில் கலக்கி மாட்டு உண்ணிக்குத் துடைப்போம். அப்பன் காலத்திலிருந்து நடப்பதுதான். மாட்டுக்குத் தோல்மேல் துடைப்போம், புண்ணில் ஊற்றமாட்டோம். அந்த யோசனை அப்போது வரவில்லை. பூச்சிக்கு அடிக்கிற மருந்து, புழுவும் பூச்சிதானே என்று நினைத்தேன். வாடை தாங்காமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு போணி நிறைய மொண்டு அந்தப் புண் குழியில் ஊற்றினேன்.

புழு கொத்தாக வெளியே வந்து விழுந்தது. வெள்ளை வெள்ளையாக, தரையில் நெளிந்து.

“பாத்தியா?” என்றேன்.

அப்போது சீட்டி. இரண்டு இழுப்பு. நேற்றைவிடக் கிட்டத்தில்.

சதீஷ் சிரித்தான். “யாரோ ஒன்னயத்தான் கூப்புடுறாங்க. போயிட்டு வா.”

பிறகு அவன் சிரிப்பு நின்றது. நாய் முன்னங்கால் மடிந்து, வாயில் நுரை தள்ளி, வயிற்றாலேயே பள்ளத்துப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கயிறு தீர்ந்த இடத்தில் கிடந்தபடி காலை உதைத்தது. ஒரு மணி நேரம் உதைத்தது. கண்ணை மட்டும் பள்ளத்திலிருந்து எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அதை ஸ்டோருக்குப் பின்னால் புதைத்து, மேலே கல் வைத்தேன். தரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வாடை போகவில்லை. நாய் படுத்த இடத்தில் இல்லை அந்த வாடை. அது கவ்வி இழுத்த என் வேட்டியில் இருந்தது. புழுத்த நாயின் வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை. இது வேறு.

மூன்று மணிக்குச் சீட்டி கேட்டது.

தூணில் கட்டிய கயிறு தரையில் சுருண்டு கிடந்தது. மறுநுனியில் ஒன்றுமில்லை.

அது மெல்ல அசைந்தது.

சுருள் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

பள்ளத்துப் பக்கமாக நேராகி, தரையை விட்டு ஒரு முழம் எழும்பி, விறைத்து நின்றது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு விழுந்தது. ஈரம் பட்டால் கயிறு சுருங்கும், முறுக்கும். கயிறு திரித்தவனுக்கு இது தெரியும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆனந்தி வந்தாள். நாய் எங்கே என்றாள். செத்துப்போச்சு என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், மருந்துப் போணியைப் பார்த்தாள், உள்ளே போய்ச் சாக்கை இழுத்தாள். என் எதிரிலேயே அந்தப் பத்து நம்பரையும் அமுக்கினாள்.

அரை மணி நேரத்தில் ஒரு பெண் ஜீப்பில் வந்து இறங்கினாள். யோகப்பிரியா என்று பெயர். மலையாளத்துச் சித்தூருக்குப் பக்கத்து நல்லேப்பிள்ளிக்காரி, பூப்பாறையில் வாழ்க்கைப்பட்டவள். பெல்ட்டைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நாற்றம் அவளுக்குத் தெரியவே இல்லை.

“எங்கப்பாவோட நாயிங்க, சிங்கன். ஸ்கூட்டர்ல காலடியில உக்கார வெச்சுக்கிட்டுத்தானுங்க எங்கயும் போவாரு. ஞாயித்துக்கெழம எங்கூட்டுலருந்து போடியில சிநேகிதரப் பாக்கப் போறேன்னு போனாரு. ஆறு நாளா போடி மெட்டு ரோட்டுலயே தேடிட்டிருக்கோமுங்க. இந்த எஸ்டேட் ரோட்டுல வந்திருப்பாருன்னு ஆருமே நெனைக்கலீங்க.”

அவள் பேசி முடிக்கவில்லை. மணி மூன்று.

பள்ளத்தில் இரண்டு இழுப்பு.

அந்தப் பெண் முகத்தில் ரத்தமே இல்லை. “அது எங்கப்பா,” என்றாள். “சிங்கனக் கூப்புடற சீட்டிங்க அது. எங்கப்பா உசுரோட இருக்காருங்க!” செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஏலச்செடிக்குள் ஓடினாள். நானும் ஆனந்தியும் ஜீப்காரனும் பின்னால் இறங்கினோம்.

பாதி தூரத்தில் எனக்கு அந்த வாடை தெரிந்தது. என் வேட்டியில் இருந்த அதே வாடை.

செங்கோட்டையன் என்பது அவள் அப்பாவின் பெயர். ஸ்கூட்டர் மேலே கிடந்தது, அவர் கீழே. நான் அதிகம் சொல்லப் போவதில்லை. புழு ஒன்றும் நாய்க்குத் தனியாக வந்ததில்லை. அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் புல் படிந்து, செவலை முடி உதிர்ந்து, ஒரு நாய் மூன்று நாள் படுத்திருந்த குழி இருந்தது.

போலீஸ் வந்தது. விழுந்த நிமிடமே கழுத்து முறிந்து உயிர் போயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையே, என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்டபோது எனக்கு மூச்சு திரும்பியது. பொய் சொல்லவில்லை.

“கேட்டியா?” என்றேன் ஆனந்தியிடம். “ஞாயித்துக்கெழமயே முடிஞ்சிருச்சு. புதங்கெழம நான் போன் போட்டு எவன் பொழைக்கப் போறான்?”

அவள் என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அப்ப புதங்கெழமயிலருந்து சீட்டியடிச்சது யாரு பெரியப்பா?”

காரியம் முடிந்து அந்தப் பெண் ஒரு தடவை வந்தாள். நாய் புதைத்த இடத்தில் செம்பருத்திப் பூ வைத்தாள். கத்தவில்லை, சாபம் விடவில்லை. “ஏனுங்க பெரியவரே, அப்பாதான் போயிட்டாரு. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா அவரு நாயாச்சும் எங்கூட்டுக்கு வந்திருக்குமுங்களே,” என்றாள். சுற்றுலாக்காரன் நாய் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த வளைவில் எவன் நாயைக் கொண்டுவந்தாலும் இறக்கிவிடத்தான் வருவான் என்றுதான் நினைப்பேன். எட்டில் ஏழு அப்படித்தான்.

மூன்று வாரம் ஆகிறது. நேற்று புதைத்த இடத்தைப் பார்க்கப் போனேன். கல் புரண்டு கிடந்தது. குழி வெறும் குழி. நரி தோண்டியிருக்கும். நரி தோண்டினால் மண் வெளியே சிதறிக் கிடக்க வேண்டும். இங்கே உள்ளேயிருந்து மேலே பிதுங்கியிருந்தது. நரிக்கு நாம் போய்ப் பாடமா எடுக்க முடியும்?

மணி மூன்று.

நீளமாக ஒன்று. குட்டையாக ஒன்று.

செடிகளுக்குள் ஏதோ ஓடியது. பள்ளத்தை நோக்கி இல்லை. என்னை நோக்கி.

நான் ஓடவில்லை. குருவி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினேன். வேட்டி நுனி எதிலோ மாட்டியது. முள்ளாக இருக்கும். குதிகாலில் சூடாக, ஈரமாக ஏதோ ஒரு தடவை பட்டு விலகியது.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். குதிகாலில் ஒன்று ஒட்டியிருந்தது. ஆடி மழைக்குத் தோட்டத்தில் அட்டை கடிப்பது புதிதா என்ன? அட்டை கறுப்பாக இருக்கும். இது வெள்ளை.

கல்லில் தேய்த்து நசுக்கினேன். அட்டைதான் என்று சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் லயத்துக்கு நடந்தேன்.