அடிச்சீட்டு மேலே வந்தது!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஹெப்சிபா இட்லியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"மேடம்... ஏட்டு பால்சாமி பேசுதேன். ராஜபாளையம் மேஜிக் கிளப்புல ஒரு பொணம்!"

"யாரு?"

"ஓனரு காசிராஜன். டீயைக் குடிச்சவரு மேஜையிலேயே சாஞ்சுட்டாரு. வாயெல்லாம் நுரை. பக்கத்துலயே ரெண்டு பேரு சட்டையைப் பிடிச்சுச் சண்டை போடுதானுக!"

"யாரு கொன்னதுன்னா?"

"இல்ல மேடம்... ஒரு சீட்டு வித்தையை யாரு மொதல்ல கண்டுபிடிச்சதுன்னு!"

ஹெப்சிபாவுக்கு இட்லி இறங்கவில்லை.

கிளப் என்றால் கிளப் இல்லை. வொர்க்‌ஷாப்புக்கு மேலே ஒரு தகர ஷெட். வெயிலில் அடுப்பு. நடுவில் மேஜை. மேஜைக்கு நேர் மேலே கம்பியில் தொங்கும் செல்போன். சீட்டு வித்தைக்காரர்கள் வீடியோ எடுப்பது அப்படித்தான்... முகம் வேண்டாம். கை போதும்!

மூலையில் நீளமாய் ஒரு மரப்பெட்டி. மேடையில் பெண்ணைப் படுக்கவைத்து ரம்பத்தால் அறுக்கிற பெட்டி.

அதன்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் முனீஸ்வரி. காசிராஜனின் மனைவி. மேடையில் தினமும் அறுபடுகிறவளும் அவளே.

சண்டை இன்னும் ஓயவில்லை.

"ஏலே! கட்டுக்கு அடியில கெடக்குற சீட்டை ஒத்தக் கையால மேல கொண்டாருதது என் வித்தைலே! பேண்டேஜ் துணி மடிக்கையில நானாக் கண்டுபிடிச்சது!" என்றான் ராஜபாளையம் தங்கப்பாண்டியன்.

"போரும்வே! ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து கேளும். பால்கோவாப் பொட்டலத்துக்குப் பேப்பர் உருவையில நான் கண்டுபிடிச்சது. உம்ம மூஞ்சியையே போன மாசந்தான் பாத்தேன்!" என்றான் விமல்.

"இங்க எதுக்குய்யா வந்தீங்க?" ஹெப்சிபா குறுக்கே புகுந்தாள்.

"காசிராஜன் அண்ணாச்சி இன்னைக்குத் தீர்ப்புச் சொல்லுதேன்னாரு மேடம். வந்து பாத்தா... பொணமா இருக்காரு."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செத்திருக்கலாம்," விமல் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

பால்சாமி செல்போனை அவிழ்த்துக் கொடுத்தார். உள்ளே ஒரு வீடியோ. சத்தமில்லை.

காசிராஜனின் கை. பக்கத்தில் டீ கிளாஸ். எதிரே கறுப்பு முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து நீளும் வெள்ளைக் கையுறைகள்...

வலது கையுறை சீட்டுக்கட்டைப் பிடித்தது. கண் இமைத்தால் போச்சு... அடிச்சீட்டு மேலே! காசிராஜன் சபாஷ் போடுவதுபோல் மேஜையைத் தட்டினார்.

அதே நொடி... இடது கையுறை டீயில் எதையோ தூவியது!

"ஆக," ஹெப்சிபா நிமிர்ந்தாள். "இந்த வித்தை தெரிஞ்சவன்தான் கொலைகாரன்."

பிடித்திருந்த சட்டைகளை இருவரும் விட்டார்கள்.

தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினான். "மேடம்... யோசிச்சுப் பாத்தா, இது தம்பி விமல் கண்டுபிடிச்சதுதான்."

"அய்யய்யோ! அண்ணன்தான் மேடம்! நான் அவரு காலைப் பிடிச்சுக் கத்துக்கிட்டவன்!"

"பொய் மேடம்! அம்புட்டுத் தெறமை எனக்கு ஏது?"

"வாயை மூடுங்கலே. ஆளுக்கொருக்கா செஞ்சு காட்டுங்க!"

செய்தார்கள். இருவருக்கும் அடிச்சீட்டு மேலே வந்தது. ஆனால் தங்கப்பாண்டியனின் முழங்கை றெக்கை மாதிரி விரிந்தது... துணி மடிக்கிற வீச்சு. விமலின் மணிக்கட்டு வெட்டி இழுத்தது... பேப்பர் உருவுகிற சுண்டல்.

ஹெப்சிபா வீடியோவை மறுபடி ஓட்டினாள். முழங்கை அசையவில்லை. மணிக்கட்டு அசையவில்லை. விரல் மட்டும்தான்.

அவள் பார்வை அந்த நீளப் பெட்டியில் போய் நின்றது.

"ஏட்டு, தங்கப்பாண்டியனுக்கு விலங்கு மாட்டுங்க."

"மேடம்! ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு மேடம்!" தங்கப்பாண்டியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வித்தையைக் கண்டுபிடிச்சவன் நீதான். நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் உன் போட்டோ வரும். முனீஸ்வரி... 'கண்டுபிடிச்சது தங்கப்பாண்டியன்'னு நீயும் ஒரு வாக்குமூலம் குடுத்துரு."

அழுகை பட்டென்று நின்றது.

"அவன் இல்ல."

"அப்போ விமலா?"

"அவனுமில்ல."

"பொறவு? உன் புருஷனா?"

"அந்த ஆளா!"

முனீஸ்வரி பாய்ந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. விரல்கள் மட்டும் நெளிந்தன... அடிச்சீட்டு மேலே!

விமல் தன்னை மறந்து கைதட்டினான். பால்சாமி முறைத்தார்.

"பெட்டிக்குள்ள இருட்டுல, கையை நகத்த எடமில்லாமக் கெடந்து நான் கண்டுபிடிச்சது மேடம்! வெளிய அவரு ரம்பத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குவாரு. இவனுக சீட்டைத் தொடும் முன்னாலயே எனக்குத் தெரியும். இன்னைக்குப் பொம்பளக் கைன்னு தெரியாம இருக்கக் கையுறை மாட்டிவிட்டு, என் கையை வீடியோ எடுத்து, 'காசிராஜன் ஸ்லிப்'னு தன் பேரைப் போடப் பாத்தாரு. தீர்ப்பு அதான்! பெத்தவ நானு... பேரு அவருக்கா?"

"ஏட்டி, கொன்னியே... அந்த வீடியோவை ஏன் அழிக்கலை?"

முனீஸ்வரி கையுறை இல்லாத தன் விரல்களைப் பார்த்தாள்.

"அம்புட்டுச் சுத்தமா வந்திருந்துச்சு மேடம். அழிக்க மனசு வரலை."

ஜீப் கிளம்பும்போது தங்கப்பாண்டியன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பின்னாலேயே விமல்.

"மேடம்... மொத ஆளு முனீஸ்வரி. ஒத்துக்கிடுதோம். ரெண்டாவது யாருன்னு மட்டும்..."

ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள்.

"எஃப்.ஐ.ஆர்-ல மொதப் பேரு முனீஸ்வரி. ரெண்டாவது எடம் காலியாத்தான் கெடக்கு. யாருக்கு வேணும்?"

இருவரும் எடுத்தார்கள் ஓட்டம்!

யார் முதலில் ஓடியது என்பதில்தான் இன்றுவரை தகராறு.